பழைய பூசை உடுப்பு ஒன்று கைக்கு வந்தால்

கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள், பிளாஸ்டிக் பூச்சரம், உடைந்த மெழுகுவர்த்தித் தண்டு, இவற்றுக்கெல்லாம் அடியில், கத்தோலிக்கக் கோயிலில் குரு பூசைக்கு உடுப்பு மாற்றும் அறையான சக்கிரீஸ்துவின் அலமாரியில், கடைசித் தட்டில்தான் அது பெரும்பாலும் கிடக்கும். பலகை மாதிரி விறைத்த பட்டு உடுப்பு. முதுகில் சரிகைச் சிலுவை, ஓரமெல்லாம் கறுத்துப்போன சரிகை நாடா. இப்போது சாமியார்கள் போடும் தொளதொள உடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. பார்த்தவுடன் ஒருவர் "வெளுத்துப் போட்டால் திருவிழாவுக்கு ஆகும்" என்பார். இன்னொருவர் "நைந்துபோச்சு, எரித்துவிடலாம்" என்பார். இரண்டையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அதை நிதானமாகப் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு மதியப் பொழுது போதும்.

ஆரம்பிக்கும் முன்பே ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பூசை உடுப்புக்கு ஒரே வயது கிடையாது. துணிக்கு ஒரு வயது, பூவேலைக்கு ஒரு வயது, வெட்டுக்கு ஒரு வயது, லைனிங்குக்கு ஒரு வயது. பட்டும் சரிகையும் விலை உயர்ந்தவை. அதனால் யாரும் தூக்கிப் போடவில்லை, வெட்டி வெட்டி மறுபடி தைத்தார்கள். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 'பட்லர்-பௌடன் காப்பா' என்று ஒரு அரைவட்ட மேலங்கி இருக்கிறது. 1330-50 வாக்கில் சிவப்பு வெல்வெட்டில் இங்கிலாந்தில் செய்தது. பின்னாளில் அதைத் துண்டு போட்டு வேறு உடுப்புகளாகத் தைத்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தத் துண்டுகளைச் சேர்த்து மறுபடி காப்பாவாக்கினார்கள். அதன் வயது என்ன என்று கேட்டால் எந்தப் பதிலைச் சொல்வது? ஆகவே "இது எத்தனை வருஷத்துப் பழசு" என்ற கேள்வியை ஒரு கேள்வியாக வைக்காமல் நான்காகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

படி 1: கை வைப்பதற்கு முன்

பட்டு விஷயத்தில் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வருடங்களுக்கு முன் ஒரு கிராமக் கோயிலில் கறுப்புப் பூசை உடுப்பு ஒன்றைத் தூசி தட்டலாம் என்று இரண்டு தோளையும் பிடித்து ஒரு உதறு உதறினேன். தூசியோடு துணியும் கொட்டியது. சாம்பல் மாதிரி, கறுப்புத் துகள். கையில் லைனிங்கும் சரிகைச் சிலுவையும் மட்டும் மிஞ்சின. தவறு முழுக்க என்னுடையது.

காரணம் பிறகுதான் புரிந்தது. நம்மூரில் கடுக்காயும் இரும்பும் சேர்த்துத் துணிக்குக் கறுப்பு ஏற்றுவதுபோல ஐரோப்பாவில் மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துக் கறுப்பு ஏற்றினார்கள். அந்த இரும்பு உள்ளேயே இருந்து பட்டை மெல்ல அரித்துவிடும். போதாததற்கு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டு நூலுக்கு வெள்ளீய உப்பு ஏற்றி எடை கூட்டும் வழக்கம் வந்தது. கச்சாப் பட்டிலிருந்து கோந்தை நீக்கினால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். அந்த நட்டத்தை ஈடுகட்டத் தொடங்கியது, போகப் போக அதற்கும் மேலே போனது. இப்படி எடை ஏற்றிய பட்டு பெட்டியில் சும்மா இருந்தாலே கீறல் கீறலாகப் பிளக்கும். அதனால்தான் 1750-இல் நெய்த உடுப்பு திடமாக நிற்க, 1890-இல் நெய்தது பக்கத்திலேயே பொடியாகிக் கிடக்கும். கிழிந்திருப்பதால் பழசு என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, இப்போது ஏற்பாடு. உடுப்பைவிடப் பெரிய மேஜை வேண்டும். அதன்மேல் கஞ்சியும் நீலமும் போடாமல் துவைத்த வெள்ளை வேட்டியை விரியுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றுங்கள். சரிகை நூலில் ஒரு கொக்கி மாட்டினால் ஒரு முழம் உரிந்து வரும். பேனா கிட்டவே வரக்கூடாது, பென்சில் மட்டும். கையைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். சரிகை அதிகமென்றால் மெல்லிய நைட்ரைல் கையுறை நல்லது, வியர்வை உப்பு சரிகையைக் கறுக்க வைக்கும். துணிமேல் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். டி.டி.டி., ஆர்செனிக் என்று அந்தக் காலத்தில் பூச்சிக்கு எதை எதையோ தூவியிருக்கிறார்கள்.

தூக்கும்போது தோளைப் பிடிக்க வேண்டாம். அடியில் ஒரு துணியை நுழைத்து, இரண்டு பேர் நான்கு மூலையையும் பிடித்து, நோயாளியை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவதுபோல மாற்றுங்கள்.

படி 2: இது எந்த உடுப்பு?

இந்த உடுப்புகள் எதுவும் ஆரம்பத்தில் 'பூசை உடுப்பு' அல்ல. ரோமாபுரியின் கடைசிக் காலத்தில் ஓரளவு வசதியான மனிதர் போட்ட சாதாரண உடைகள். நம் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாருங்கள்: வக்கீல் கழுத்தில் வெள்ளைப் பட்டி, மேலே கறுப்பு அங்கி. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் படித்தவர்கள் போட்ட உடை, ஊர் அதை விட்டுவிட்டது, நீதிமன்றம் விடவில்லை. கோயிலிலும் இதே கதைதான். ஊரில் பாணி மாற மாற, பீடத்தில் பழையதே நின்றது. நின்றது மரியாதைக்குரியதானது. மரியாதைக்குரியதில் சரிகை ஏறியது.

மேலே போடும் முக்கிய உடுப்பு காசுலா. லத்தீனில் 'சின்ன வீடு' என்று பொருள். தலை நுழைய ஒரு ஓட்டை, மற்றபடி ஆளைச் சுற்றிலும் மூடும் கூடாரம், பொருத்தமான பெயர்தான். அடியில் போடும் வெள்ளை நீளங்கி ஆல்பா. கழுத்திலிருந்து இரு பக்கமும் தொங்கும் நீளப் பட்டி ஸ்தோலா. ஸ்தோலாவைப் போலவே, ஆனால் குட்டையாக, கையில் மாட்ட வளையம் போலத் தைத்த பட்டி ஒன்று கிடைத்தால் அது மனிப்புளுஸ். குருவின் இடது முன்கையில் தொங்கும். ஆதியில் அது கைக்குட்டை. முகம் துடைத்த துணி சரிகை ஏறி, துடைக்கவே முடியாத பொருளாகிப் போனது!

அந்தக் குட்டைப் பட்டி உங்களுக்கு ஒரு நல்ல தடயம். 1967-இல் ரோம் அதைக் கட்டாயமில்லை என்று ஆக்கியது, அதன்பின் பெரும்பாலான இடங்களில் மறைந்துவிட்டது. எனவே அது சேர்ந்த செட் கிடைத்தால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய லத்தீன் பூசை நடக்கும் இடங்களுக்காக இன்றும் புதிதாகத் தைக்கிறார்கள், அதையும் மறக்க வேண்டாம்.

காசுலா, ஸ்தோலா, மனிப்புளுஸ், கிண்ணத்தை மூடும் சதுரத் துணி, கிண்ணத்துக்கு அடியில் விரிக்கும் வெள்ளைத் துணியை மடித்து வைக்கும் அட்டை உறை, இந்த ஐந்தும் ஒரே துணியில் இருந்தால் அது ஒரு முழு செட். பெரிய திருநாள் செட் என்றால் இன்னும் சேரும். கைப்பகுதி வைத்துத் தைத்த நேர்வெட்டுச் சட்டை போலிருப்பது டால்மாத்திக், குருவுக்கு அடுத்த படியில் இருக்கும் தியாக்கோனுக்கு. பார்ப்பதற்கு அதே போல இருப்பது அவருக்கும் அடுத்த படியான உபதியாக்கோனின் துனிக்கிள். உடலில் குறுக்குப் பட்டை இரண்டு இருந்தால் முன்னது, ஒன்று இருந்தால் பின்னது என்பது ஒரு வழக்கம், எல்லா நாட்டிலும் பின்பற்றியதல்ல. அரைவட்டமாக விரிந்து முன்னால் கொக்கி மாட்டுவது காப்பா. நம் கோயில்களில் போர்த்துக்கீசியர் விட்டுப்போன இந்தச் சொல் இன்னும் புழங்குகிறது. லத்தீனில் அதற்கு மழையங்கி என்று அர்த்தம் வரும் பெயர். முதுகில் கேடயம் போல ஒரு துண்டு தொங்குகிறதே, அது தலையை மூடிய முக்காடு. பயன் போய் அடையாளம் மட்டும் நிற்கிறது.

படி 3: வெட்டைப் பாருங்கள்

காசுலாவின் சரித்திரத்தை ஒரே வரியில் சொன்னால், பக்கவாட்டில் கத்தரிக்கோல் ஏறிக்கொண்டே போன கதை. முதலில் அது மணி வடிவம். கையைத் தூக்கினால் துணி முழுவதும் தோளில் மடிந்து ஏறும். பழைய லத்தீன் பூசையில் குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது பீடப் பையன் குருவின் உடுப்பின் கீழோரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பான். உடுப்பு கனமாக, அகலமாக இருந்த காலத்தில் கைக்கு வசதி செய்த செயலின் மிச்சம் அது. உடுப்பு குறுகிய பிறகும் பையன் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.

துணி கனமான வெல்வெட்டாகவும் சரிகையாகவும் ஆக ஆக, மடிக்க முடியாததை வெட்டினார்கள். 16ஆம் நூற்றாண்டில் மிலானின் பேராயர் சார்லஸ் பொரோமெயோ, அகலம் இதற்குக் குறையக் கூடாது என்று அளவு போட்டுக் கொடுத்தார். கத்தரிக்கோல் கேட்கவில்லை. 18ஆம் நூற்றாண்டுக்குள் முன்பக்கம் வயலின் வடிவமாக இடுப்பில் குறுகியது, பின்பக்கம் நீளப் பலகையானது.

இங்கேதான் புதியவருக்குக் கைகொடுக்கும் ஒரு விஷயம். முதுகுப் பக்கம் நடுவே நேர்ப் பட்டை ஒன்று மட்டும் இறங்கி, முன்பக்கம் கழுத்தடியில் 'T' போலப் பட்டை இருந்தால் ரோமானிய வெட்டு, அதாவது இத்தாலிப் பாணி. முதுகில் பெரிய சிலுவை, முன்னால் நேர்ப் பட்டை என்றால் பிரெஞ்சுப் பாணி. ஜெர்மனி, பெல்ஜியம்-நெதர்லாந்து பக்கமும் முதுகுச் சிலுவை உண்டு. முன்பக்கம் கிதார் போலக் கீழே உருண்டு அகன்றால் ஸ்பெயினை நினையுங்கள். விதிவிலக்கு ஏராளம், இருந்தாலும் முதல் ஊகத்துக்கு இது போதும்.

புதுச்சேரியில் 1776 முதல் பாரீஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையார், மதுரை மிஷனில் 1838 முதல் பிரெஞ்சு இயேசு சபையார், யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பிரான்சில் பிறந்த அமலமரித் தியாகிகள் சபையார் என்று நம் பக்கத்துப் பங்குகளில் பிரெஞ்சுக் கை அதிகம். முதுகில் சிலுவை போட்ட உடுப்பு இங்கே கிடைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு வலை இருக்கிறது. அகலமாக, தளர்வாக இருந்தால் மத்திய காலத்தது என்று நினைத்துவிடுவோம். இங்கிலாந்தில் கட்டடக் கலைஞர் பியூஜின் 1840-களில் பழைய 'கோதிக்' வெட்டை மறுபடி கொண்டுவந்தார். ரோமுக்கு அது பிடிக்கவில்லை. 1925-இல்கூட அனுமதி இல்லாமல் வழக்கத்திலிருந்து விலகக் கூடாது என்று பதில் வந்தது. 1957-இல்தான் ஆயர்களின் முடிவுக்கு விட்டார்கள். எனவே அகலமான உடுப்பு பெரும்பாலும் குறுகிய உடுப்பைவிடப் புதியதாகவே இருக்கும்.

படி 4: துணி

துணியில் முதலில் தேட வேண்டியது ஒட்டுத் தையல். பழைய ஐரோப்பியப் பட்டுத் தறிகளின் அகலம் பெரும்பாலும் 50-55 சென்டிமீட்டர் சுற்றளவில்தான் இருக்கும். எனவே நல்ல பழைய காசுலாவில் ஒட்டு இருப்பது குறையல்ல. ஒட்டே இல்லாமல் ஒரே அகலத் துணியில் வெட்டியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, பூக்களைப் பாருங்கள். நேராக நிற்கின்றனவா, தலைகீழாகத் தொங்குகின்றனவா? ஒரு துண்டில் மேல்நோக்கியும் பக்கத்துத் துண்டில் கீழ்நோக்கியும் இருந்தால், பழைய மடிப்புத் தடமும் தையல் ஊசி ஓட்டைகளும் தெரிந்தால், உங்கள் முன் இருப்பது ஒரு காலத்தில் யாரோ ஒரு சீமாட்டியின் கவுன். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது சர்வசாதாரணம். நம் ஊரில் நேர்ச்சையாக மாதாவுக்குப் பட்டுப்புடவை சாத்துகிறோமே, அதே மனசுதான். அங்கே அந்தப் பட்டைக் குருவின் உடுப்பாகத் தைத்தார்கள். அதனால்தான் அந்தக் காலத்துப் பூசை உடுப்பில் ரோஜாவும் துலிப்பும் லேஸ் வளைவும் இருக்கும், சமயச் சின்னம் ஒன்றுகூட இருக்காது. 1695 முதல் 1720 வரை ஐரோப்பாவைப் பிடித்தாட்டிய ஒரு பாணி உண்டு. கோணல்மாணலான, பூவா காயா கட்டடமா என்று சொல்ல முடியாத வடிவங்கள், கீழைநாட்டுச் சாயலோடு. பட்டு ஆராய்ச்சியாளர்கள் அதற்கு 'விசித்திரப் பட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பூசை உடுப்புகளில்தான் அது அதிகம் தப்பிப் பிழைத்திருக்கிறது. கவுன்கள் பாணி மாறியதும் போய்விட்டன.

கோதுமைக் கதிர், திராட்சைக் குலை, ஆட்டுக்குட்டி, இயேசுவின் பெயரைக் குறிக்கும் 'IHS' எழுத்து, இவை பூவேலையாக அல்லாமல் துணியிலேயே நெய்து வந்திருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. பிரான்சின் லியோன் நகரில், ஓட்டை போட்ட அட்டைகளை வைத்து வடிவம் நெய்யும் ஜக்கார்டு தறி வந்த பிறகு கோயிலுக்கென்றே வடிவம் போட்டு நெய்வது சுலபமாகிவிட்டது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்த அட்டைப் பெட்டியை விளக்க வேண்டியதில்லை.

படி 5: சரிகையும் பூவேலையும்

இந்த இடத்தில் நமக்கு ஐரோப்பியரைவிட ஒரு சாதகம் இருக்கிறது. சரிகை என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பட்டு நூல் நடுவில், தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி அதைச் சுற்றி, மேலே தங்க முலாம். ஐரோப்பாவின் நல்ல சரிகையும் இதே கட்டுமானம்தான். தங்கச் சரிகைக்கு உள்ளே மஞ்சள் பட்டு, வெள்ளிச் சரிகைக்கு வெள்ளைப் பட்டு. பூதக்கண்ணாடி வைத்து, நைந்த இடத்தில் உள்நூலின் நிறத்தைப் பாருங்கள். இன்று முழுவதும் கறுத்திருந்தாலும், முதலில் பொன்னா வெள்ளியா என்று அந்த நூல் சொல்லிவிடும். கறுத்தால் வெள்ளி, பச்சை பூத்தால் தாமிரம், அதாவது மலிவுச் சரிகை. புளி, பற்பசை, சோடா மாவு, இவற்றைக் கையில் எடுக்கவே வேண்டாம். முலாம் அவ்வளவு மெல்லியது, கறுப்போடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

பூவேலையில் தங்க நூல் துணிக்குள் நுழைவதில்லை. மேலே படுக்க வைத்து, மெல்லிய பட்டு நூலால் அங்கங்கே கட்டுவார்கள். வடநாட்டு ஜர்தோஸியும் இப்படித்தான். விலையுயர்ந்த நூல் முதுகுப் பக்கம் போய் வீணாகாது. 13, 14ஆம் நூற்றாண்டு ஆங்கில வேலைக்காரர்கள் இதில் ஒரு நுட்பம் செய்தார்கள். கட்டும் நூலைப் பின்பக்கத்திலிருந்து இழுத்து, தங்க நூலின் சின்னக் கொக்கி ஒன்றையும் துணிக்குள் இறக்கிவிட்டார்கள். கட்டு நூல் மேலே தெரியாது, துணியும் நன்றாக மடியும். 'ஆங்கில வேலை' என்றே ஐரோப்பா முழுவதும் பேர் வாங்கியது. 1246-இல் திருத்தந்தை 4ஆம் இன்னொசென்ட் இங்கிலாந்துக் குருக்களின் உடுப்பைப் பார்த்து ஆசைப்பட்டு, தனக்கும் அனுப்பச் சொல்லி அங்குள்ள மடங்களுக்கு எழுதினார் என்று மத்தேயு பாரிஸ் என்ற துறவி கொஞ்சம் கசப்போடு குறித்து வைத்திருக்கிறார். 1295-இல் எடுத்த வத்திக்கான் பட்டியலில் இந்த வேலைப்பாடு நூற்றுக்கும் மேல்.

உங்கள் மேஜையில் 'ஆங்கில வேலை' வந்து விழப்போவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு சோதனையைப் பழகிக்கொள்ளலாம். சிலுவைப் பட்டையில் புனிதர் உருவம் இருந்தால் பாதத்தைப் பாருங்கள். பாதம் வெட்டுப்பட்டிருக்கிறதா, தலைக்கு மேலுள்ள கூரை மாடத்தின் உச்சி காணாமல் போயிருக்கிறதா? அப்படியென்றால் பட்டை வேறு உடுப்பிலிருந்து வந்தது. 15ஆம் நூற்றாண்டுப் புனிதர்கள் 17ஆம் நூற்றாண்டு வெல்வெட்டில் குடியிருப்பது மிகச் சாதாரணம்.

தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறதுண்டு" என்று கூவிக்கொண்டு வருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். புடவை அவருக்குப் புடவையல்ல, உருக்கினால் வரும் வெள்ளி. பிரெஞ்சுப் புரட்சியின்போது எத்தனையோ கோயில்களின் உடுப்புகள் இப்படித்தான் நெருப்பில் போயின. துணி எரிந்த பின் மிஞ்சிய உலோகம்தான் கணக்கு. மிச்சமிருப்பவற்றில் சரிகை குறைந்தவை அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

படி 6: திருப்பிப் போடுங்கள்

முன்பக்கத்தைப் பார்த்து வாய்பிளப்பது எல்லோரும் செய்வது. நான் எப்போதும் லைனிங்கில்தான் அதிக நேரம் செலவிடுவேன். லைனிங் லினனா, பருத்தியா, பட்டா? பளபளவென்று மெழுகு தேய்த்த பருத்தியா? ஒரே தையல்காரர் கையா, இரண்டு மூன்று பேர் கையா? தையல் இரு பக்கமும் ஒரே அளவாக, அச்சு வார்த்தாற்போல் இருந்தால் தையல் இயந்திரம், அதாவது 1850-களுக்குப் பின். ஆனால் இயந்திரத் தையல் லைனிங்கில் மட்டும் இருந்தால், லைனிங் மட்டுமே புதிது. உடுப்பின் மிகப் புதிய பகுதி எதுவோ, அதற்கு முன் அந்த உடுப்பு இன்றைய உருவத்தில் இல்லை. பகுதிகள் எவ்வளவு பழசானாலும் சரி, இந்த விதி மாறாது.

இருட்டறையில் புறஊதா டார்ச் ஒன்றை அடித்துப் பாருங்கள். ரூபாய் நோட்டுப் பார்க்கும் சின்ன டார்ச்சே போதும். தையல் நூலோ லைனிங்கோ நீலமாகப் பளிச்சிட்டால், இன்றைய துணிகளிலும் சோப்புத் தூளிலும் உள்ள வெண்மையூட்டி அதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கை, அல்லது யாரோ துவைத்திருக்கிறார்கள்.

லைனிங் பிரிந்திருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கலாம், நீங்களாகப் பிரிக்கக் கூடாது. விறைப்புக்காக உள்ளே பழைய காகிதம், தோல் ஏடு வைப்பதுண்டு. ஐஸ்லாந்தின் ஸ்கால்ஹோல்ட் ஆயரின் மைட்டர் தொப்பி ஒன்றை விறைப்பாக நிறுத்தியிருந்தது என்ன தெரியுமா? பிரெஞ்சுக் காதல் கதைகளின் நார்ஸ் (பழைய நார்வே மொழி) மொழிபெயர்ப்பு எழுதிய தோல் ஏடுகள்! ஆயர் தலையில் காதல் கதையைச் சுமந்துகொண்டு ஆசீர் கொடுத்திருக்கிறார்.

படி 7: நிறம்

பூசைக்கு நிற ஒழுங்கை முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் 3ஆம் இன்னொசென்ட். திருத்தந்தை ஆவதற்கு முன், 12ஆம் நூற்றாண்டின் கடைசியில். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, பச்சை என்று நான்கு, கறுப்போடு ஊதாவையும் சேர்த்துச் சொன்னார். 1570-இல் 5ஆம் பியுஸ் வெளியிட்ட பூசைப் புத்தகத்தோடு இது ரோமானிய முறையைப் பின்பற்றிய இடங்களுக்கெல்லாம் பொதுவானது. இறந்தோர் பூசைக்குக் கறுப்பு, தவக்காலத்துக்கு ஊதா, வேதசாட்சிகளுக்குச் சிவப்பு. அமல உற்பவத் திருநாளுக்கு நீலம் உடுத்த ஸ்பெயினுக்குத் தனிச் சலுகை உண்டு. ரோஜா நிறம் வருடத்தில் இரண்டே ஞாயிறு, அதனால் ரோஜா உடுப்பு கிடைத்தால் பெரும்பாலும் புதுசு போலவே இருக்கும்.

ஆனால் கண்ணில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள். மஞ்சளும் நீலமும் கலந்த பழைய பச்சையில் மஞ்சள் முதலில் வெளிறும், உடுப்பு நீலமாகும். ஊதா பழுப்பாகும். உண்மை நிறம் சரிகை நாடாவுக்கு அடியில் ஒளிந்திருக்கும். நாடா எங்கேனும் விட்டிருந்தால் அந்த இடுக்கில் பாருங்கள். அங்கே கண்ணைக் கூசும் கத்தரிப்பூ நிறம் தெரிந்தால் செயற்கைச் சாயமாக இருக்கலாம். பெர்கின் முதல் செயற்கை ஊதாவைக் கண்டது 1856-இல்.

படி 8: சீட்டும் சின்னமும்

சீட்டு இருந்தால் அதிர்ஷ்டம். ரோமில் கம்மாரெல்லி (1798), பெல்ஜியத்தின் புருஷ் நகரில் குரோசே (1783), லண்டனில் வாட்ஸ் (1874) என்று பேர்பெற்ற கடைகள் துணிச் சீட்டு வைத்துத் தைத்ததுண்டு. முதுகின் அடியில் குடும்பச் சின்னம் இருந்தால் கொடுத்தவருடையது. மேலே அகன்ற தொப்பியும் இரு பக்கம் குஞ்சமும் இருந்தால் குருகுலத்தார் சின்னம். குஞ்சங்களை எண்ணுங்கள்: பக்கத்துக்கு ஆறு என்றால் ஆயர், பத்து என்றால் பேராயர், சிவப்பில் பதினைந்து என்றால் கர்தினால். பழங்காலத்தில் இந்தக் கணக்கு அவ்வளவு கறாராக இல்லை.

படி 9: எப்படி வைப்பது

துவைக்க வேண்டாம், டிரை கிளீனிங் வேண்டாம், இஸ்திரி வேண்டாம். கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் சரிகையின் கனமே தோளைக் கிழிக்கும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினால் அந்தப் பசை பிற்பாடு துணியோடுதான் வரும். தூசிக்கு, மெல்லிய வலைத்துணியை மேலே வைத்து, வேக்குவத்தைக் குறைந்த வேகத்தில் வைத்து எடுக்கலாம். துணி கொட்டுகிறதென்றால் அதுவும் வேண்டாம்.

படுக்க வைப்பதே நல்லது. மடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் மடிப்புக்குள் துவைத்த மல் துணியை உருளையாகச் சுருட்டி வையுங்கள், கூர்மடிப்பு விழக்கூடாது. பட்டுப்புடவையை மடிப்பு மாற்றி வைப்பதுபோல வருடத்துக்கு ஒருமுறை இதையும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் நிச்சயம். பூச்சி உருண்டை, வசம்பு, வேப்பிலை எதுவும் துணியைத் தொடக்கூடாது. என்னைக் கேட்டால், மாதம் ஒருமுறை தட்டைத் திறந்து பார்ப்பது இவை எல்லாவற்றையும்விட மேல். வெளிச்சமும் எதிரிதான். அருங்காட்சியகங்கள் பட்டுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்கின்றன, அதாவது கண் பழக ஒரு நிமிஷம் ஆகும் அளவு மங்கல். பங்குத் திருநாள் கண்காட்சியில் ஃபோகஸ் விளக்குக்கு அடியில் வைக்க யாராவது கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

படி 10: கொடுப்பதற்கும் எரிப்பதற்கும் முன்

மந்திரித்த பொருள் நைந்தால் எரித்துச் சாம்பலைப் புனித இடத்தில் சேர்ப்பது பழைய வழக்கம். தப்பில்லை. ஆனால் கலைமதிப்போ சரித்திர மதிப்போ உள்ளதைப் பங்குக் குரு தானாக விற்க முடியாது. திருச்சபைச் சட்டம் 1292 அதற்குத் திருப்பீடத்தின் அனுமதியைக் கேட்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல், இப்படிப்பட்டவை கைமாறிப் போகாமலும் சிதறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆயர்களுக்குச் சொன்னது. அதே ஆவணம் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகே வேண்டும் என்றும் சொன்னதால், பலர் இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்து அலமாரியைக் காலி செய்துவிட்டார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டு வியாபாரி யாராவது நல்ல விலை சொன்னால் இது ஞாபகம் இருக்கட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க நேரில் எங்கே போவது என்றால், நமக்குக் கிட்டத்தில் பழைய கோவாவில் சாந்தா மோனிக்கா மடத்திலுள்ள கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம். வெளிநாடு போக வாய்த்தால் வியன்னாவின் அரசுக் கருவூலத்தில் பொன்கம்பளி வீரர் சங்கத்தின் 15ஆம் நூற்றாண்டு உடுப்புகளைத் தவறவிடாதீர்கள். படுத்த தங்க நூலின் மேல் வண்ணப் பட்டு நூலைக் கூட்டியும் குறைத்தும் கட்டி, ஓவியம் போலவே நிழல் கொண்டுவந்திருப்பார்கள். முகங்களுக்கு ரொம்பக் கிட்டே போய்ப் பாருங்கள்.

கடைசியாக, பார்த்ததையெல்லாம் ஒரு அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். நீளம், அகலம், துணி, லைனிங், ஒட்டுகள், சேதம், எந்தத் தேதியில் யார் பார்த்தது, ஊரில் பெரியவர்கள் அதைப் பற்றிச் சொன்னது. அட்டையைக் குண்டூசியால் குத்தாதீர்கள், துரு ஏறும். பருத்தி நாடாவில் கட்டி, உடுப்பைச் சுற்றிய வேட்டியின் வெளிப்பக்கம் தொங்கவிடுங்கள். அடுத்து அலமாரியைத் திறப்பவர் உடுப்பைத் தொடாமலே படித்துக்கொள்வார்.